"ஒன்றுமில்லை அம்மா" என்றால் எப்படி?

ஆசிரியருக்கு,

நிலாவெளியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 2004 சுனாமிக்குப் பிறகு கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தாலே நெஞ்சு இறுகும், கால் விறைக்கும், கை தானாகவே சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கும். ஈசிஜி எத்தனையோ தடவை எடுத்தாயிற்று. "ஒன்றுமில்லை அம்மா" என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றால் அந்தக் கை ஏன் முறுக்குகிறது?

போன வருடம் ஒரு உளவளத்துணையாளர் பழைய கதையைக் கிளறாமல், பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கப் பழக்கினார். மெதுவாக மூச்சு விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது, மந்திரமெல்லாம் இல்லை. அமெரிக்காவில் பீட்டர் லெவின் என்ற உளவியலாளர் உடலுணர்வை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். நம் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் போரில் நொந்தவர்களுக்கு மூச்சுப்பயிற்சி, யோகா போன்ற நம் ஊர் வழிகளை வலியுறுத்தி வந்திருக்கிறார். எல்லாருக்கும் இது கேட்கும் என்று சொல்ல வரவில்லை, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பெரியம்மா இப்போது பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் வருகிறார், தண்ணீரில் கால் வைக்க மட்டும் மாட்டார்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளி எல்லாம் போரும் கடலும் சேர்ந்து அடித்த ஊர்கள். அங்குள்ள கிளினிக்குகளில் கிழமைக்கு ஒரு நாளாவது இதைப் பழக்க, தமிழ் தெரிந்த ஒரு ஆளைப் போடக்கூடாதா?

வாசகி,
திருகோணமலை