லைன் கார்டு கேட்டால் சூப்பர்வைசர் கார்டையும் வாங்கச் சொல்வது குறித்துப் புகார்

அனுப்புநர்:
நெட்வொர்க் பொறுப்பாளர்,
தனியார் பொறியியல் கல்லூரி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர்.

பொருள்: ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் உள்ள மாடுலர் சுவிட்ச்சுக்கு மாற்று லைன் கார்டு தராதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் நெட்வொர்க்கின் மையமான கோர் சுவிட்ச், ஏழு ஸ்லாட் சேஸிஸ் (கார்டுகளை மாட்டும் கூடு). இரண்டில் சுவிட்ச் முழுவதையும் இயக்கும் சூப்பர்வைசர் கார்டு, ஐந்தில் கேபிள்களைச் செருகும் லைன் கார்டு. பெட்டி சுவிட்ச்சுகளை அடுக்கிக்கொள்ளலாம், செலவு குறையும் என்று நாங்கள் சொன்னபோது, "ஒரு கார்டு போனால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும்" என்று சொல்லித்தான் உங்கள் விற்பனைப் பிரிவு இதை விற்றது. கூடுதல் விலை கொடுத்தது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இப்போது 48 போர்ட் பிஓஇ கார்டு (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தருவது) ஒன்று போய்விட்டது. முதலில் பின்பாதி போர்ட்டுகள் செத்தன, பிறகு முழுக் கார்டும். ஸ்டேட்டஸ் விளக்கு சிவப்பிலேயே நின்றது. உங்கள் இன்ஜினியர் மாற்றுக் கார்டோடு வந்து மாட்டினார். இந்தக் கார்டுக்கு ஆதரவு இல்லை என்று கன்சோலில் வந்தது. அது அடுத்த தலைமுறைக் கார்டாம், எங்கள் சூப்பர்வைசர் அதை அறியாதாம். அனுப்புவதற்கு முன் இதைப் பார்க்க ஒருவர்கூட இல்லையா?

அடுத்து வந்தது விலைப்புள்ளி, புது சூப்பர்வைசருக்கு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒரே சேஸிஸில் வேறு வேறு மாடல் சூப்பர்வைசர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக ஓடாது என்பதால் நல்ல நிலையில் இருக்கும் இரண்டையும் தூக்கிப் போட வேண்டுமாம். பட்டன் போனதற்குச் சட்டையையே மாற்றச் சொல்கிறீர்கள்.

போதாததற்குப் பவர் சப்ளையையும் மாற்றச் சொல்கிறார் இன்ஜினியர். புதுக் கார்டு போர்ட்டுக்கு 30 வாட் தரும், 48 போர்ட்டுக்கு 1440 வாட் வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்களிடம் இருக்கும் போன்களும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகளும் 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தைச் சேர்ந்தவை. போர்ட்டுக்கு 15.4 வாட்டுக்கு மேல் அவை கேட்கவே கேட்காது. எல்லாப் போர்ட்டும் நிறைந்தாலும் 740 வாட்டைத் தாண்டாது. சப்ளையை மாற்ற மனமில்லை என்றால், ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கும் இரண்டு சப்ளைகளையும் சேர்த்து ஓடும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்படிச் செய்தால் ஒரு சப்ளை போகும்போது கார்டுகளும் அணையும். இரண்டு சப்ளை வாங்கியது எதற்கு?

பழுதான கார்டை எடுத்துப் போனவர் அந்த ஸ்லாட்டுக்கு மூடித்தகடுகூடப் போடவில்லை. குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக வீணாகிறது, மற்ற கார்டுகளின் சூடு ஏறுகிறது. அட்டையை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறோம். விடுதி ஆக்சஸ் பாயின்ட்டுகள் தற்போதைக்குத் தனித்தனி இன்ஜெக்டர்களில் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு கருவி) ஓடுகின்றன. தேர்வுப் பிரிவின் கேபிள்களை வேறு கார்டில் கிடைத்த காலிப் போர்ட்டுகளுக்கு மாற்றினோம். இனிமேல் ஒரு போர்ட்கூட மிச்சமில்லை.

மாடல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகும் இதே சேஸிஸுக்கு ஏஎம்சி புதுப்பித்துப் பணம் வாங்கியது நீங்கள்தான். உதிரிக் கார்டு கையில் இல்லாமல் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்?

இப்போதுள்ள சூப்பர்வைசரோடு வேலை செய்யும் அதே வகைக் கார்டு, புதுப்பிக்கப்பட்டதானாலும் சரி, இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும். இல்லையென்றால் புதுக் கார்டுக்குத் தேவையான சூப்பர்வைசர்களை ஏஎம்சிக்குள்ளேயே, தனிக் கட்டணம் இல்லாமல், விடுமுறை நாளில் வந்து மாட்டித் தர வேண்டும். மூடித்தகட்டை நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடுங்கள். இவை முடியும்வரை அடுத்த தவணைக்கான பில்லை நிறுத்தி வைக்கக் கணக்குப் பிரிவுக்கு எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறுப்பாளர்

இணைப்பு: ஏஎம்சி நகல், கன்சோல் பதிவு, ஸ்லாட்டின் புகைப்படம்.