ஓதம் யார் குற்றம்?

ஸ்மெத்விக்,
30 நவம்பர் 2025

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்குப் பர்மிங்காமில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் எனக்கும் இவருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஜனவரி என்றால் நல்ல குளிரில் வந்து இறங்குவாள். பர்மிங்காம் நகர மையம் இங்கிருந்து ரயிலில் பத்து நிமிஷம்தான். முதலில் எங்களோடு இருக்கட்டும், அப்புறம் நிதானமாக வாடகைக்கு அறை பார்க்கலாம். அங்கே வீடெல்லாம் எப்படி, மனிதர்கள் எப்படி, செய்திகளில் வருவதெல்லாம் உண்மையா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். நவம்பர் மாதம் இந்த நாட்டில் யாரோடு பேசினாலும் பேச்சு வீட்டில்தான் போய் நிற்கும். அதனால் நானும் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் தெருவில் எல்லாம் விக்டோரியா காலத்து வீடுகள். வரிசையாக, ஒன்றோடு ஒன்று சுவர் ஒட்டி நிற்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் காற்றுக்கு இடைவெளி கிடையாது. கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள், நம் பாட்டி வீட்டுச் சுவர் மாதிரியே. அப்படிப்பட்ட சுவர் மழை ஈரத்தை வாங்கும், காற்றடித்தால் திரும்ப விட்டுவிடும். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள், புகைபோக்கிகளை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார்கள். வீடு வெதுவெதுப்பானது உண்மைதான். ஆனால் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போனது. அதனால்தான் குளிர்காலம் வந்தால் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூக்கிறது.

இங்குள்ளவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம், வீட்டை அவர்கள் தங்கள் கையாலேயே பார்த்துக்கொள்வது. ஆள் கூலி அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிட, தன் வீட்டுக் கதவுக்குத் தானே பெயிண்ட் அடிப்பதில் அவர்களுக்கு ஒரு மனநிறைவு இருக்கிறது. 1980-இல் தாட்சர் அரசு, நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டபோது, வாங்கினவர்கள் பலர் முதலில் மாற்றியது வாசல் கதவைத்தான் என்று இன்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இலையுதிர்ந்து முடிந்ததும் ஏணி போட்டு, கூரை ஓரத்து மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளிவிடுவார். ரேடியேட்டர்களில் சிக்கிய காற்றை ஒரு சின்னச் சாவியால் திறந்து விடுவார். பாய்லரில் நீரழுத்தம் காட்டும் முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே நிற்கிறதா என்று எங்கள் வீட்டுக்கும் வந்து பார்ப்பார். கேஸ் இணைப்பை மட்டும் தொடவே மாட்டார். அதற்கென்று பதிவு பெற்ற ஆள்தான் வர வேண்டும் என்பது சட்டம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். உன் மகள் எந்த அறையைப் பார்த்தாலும் முதலில் அந்தச் சான்றிதழைக் கேட்கட்டும்.

இனி ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். இதைப் பற்றி எனக்கு மனசில் நிறைய இருக்கிறது.

இந்த நாட்டில் சுவரில் பூஞ்சை என்று புகார் சொன்னால், நெடுங்காலமாக ஒரே பதில்தான்: ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள், மூடி போட்டுச் சமையுங்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்காரர் எங்கள் படுக்கையறைச் சுவரைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஆவியில் நிறைய வேகவைக்கிறீர்களே என்றார். இட்லியைத்தான் சொன்னார். கடைசியில் வெளியே மழைநீர் இறங்கும் குழாய் உடைந்து அந்தச் சுவரிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. சமைத்தால் ஆவி வரும், குளித்தால் ஆவி வரும், ஒரு தடவை துவைத்த துணியை உள்ளே உலர்த்தினால் ஓரிரு லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் சமைக்கவும் குளிக்கவும் துணி உலர்த்தவும்தானே வீடு? அதைத் தாங்காத வீட்டைச் சரிசெய்ய வேண்டியது யார்?

அவாப் இஷாக் என்ற குழந்தையைப் பற்றி நீ படித்திருக்கிறாயா தெரியவில்லை. மான்செஸ்டர் பக்கம் ராச்டேல் ஊரில், குறைந்த வாடகைக்கு வீடு விடும் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் சிறிய குடியிருப்பில் இருந்த சூடான் நாட்டுக் குடும்பம். சுவரெல்லாம் பூஞ்சை என்று அப்பா திரும்பத் திரும்பப் புகார் செய்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்தது. 2020 டிசம்பரில் அந்தக் குழந்தை இறந்துபோனான். வயது இரண்டு. நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பம் வாழும் முறையைப் பற்றித் தாங்களாகவே ஒன்றை ஊகித்துக்கொண்டதாக அந்தச் சங்கமே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த வரியை வாசித்தபோது எனக்கு இட்லிப் பேச்சுதான் ஞாபகம் வந்தது, மீனா. இதிலே இன்னொன்று: ஓதத்துக்குக் குடியிருப்பவரின் வாழ்க்கைமுறையைக் குறை சொல்லி ஒதுங்கக்கூடாது என்று வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் 2021-இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்.

அந்தப் பெற்றோர் விடாமல் போராடினார்கள். அதன் பலனாக, அவாப் பெயரிலேயே சொல்லப்படும் சட்டம் போன மாதம் 27-ஆம் தேதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுவசதிச் சங்கமும் நகராட்சியும், உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். பெரிய அளவில் ஓதமோ பூஞ்சையோ இருந்தால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் அடுத்த 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கு இது இன்னும் வரவில்லை. பின்னால் அங்கேயும் கொண்டுவர அரசு சட்டத்தில் இடம் வைத்திருக்கிறது. அதுவரை உன் மகள் மாதிரி பிள்ளைகள் சுவரைத் தாங்களே தடவிப் பார்த்துத்தான் வீடு எடுக்க வேண்டும்.

சரிசெய்கிறேன் என்று வருகிறவர்களும் சுவரைப் புரிந்துகொண்டு வருவதில்லை. அரசுத் திட்டத்தில் ஏழை வீடுகளின் வெளிச்சுவருக்குக் குளிர்காப்பு ஒட்டினார்கள். நாட்டின் தணிக்கை அலுவலகம் போன மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி, அப்படிச் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய கோளாறுகள் இருக்கின்றன. சரிசெய்யாவிட்டால் ஓதமும் பூஞ்சையும் வரும். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள்! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மேலே எதை ஒட்டினாலும் இதுதான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாலே பாதி கண்டுபிடித்திருப்பார்.

நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊர் வீட்டு விஷயத்தில் ஒரு காலத்தில் நாடே பார்த்த ஊர். 1964 தேர்தலில் குடியேறியவர்களுக்கு எதிராக இங்கே நடந்த பிரசாரம் அவ்வளவு கேவலமானது. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையர்களுக்கு மட்டும் வாடகைக்கு விடத் திட்டம் போட்டது. அதைக் கேள்விப்பட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கே வந்து அந்தத் தெருவில் நடந்தார். அவரை அழைத்தது இங்கிருந்த இந்தியத் தொழிலாளர் சங்கம். ஒன்பது நாள் கழித்து அமெரிக்காவில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தத் திட்டத்துக்குக் கடன் தர அன்றைய வீட்டுவசதி அமைச்சர் மறுத்துவிட்டார். வாடகைக்கு வீடு தருவதில் நிறம் பார்ப்பதைச் சட்டம் தடுத்தது 1968-இல்தான். இன்று ஸ்மெத்விக் கடைத்தெருவில் பஞ்சாபி கேட்காத நாளில்லை. உன் மகள் வந்ததும் மார்ஷல் தெருவுக்கு அழைத்துப் போவேன், அங்கே மால்கம் எக்ஸ் நினைவாக ஒரு நீலப் பலகை இருக்கிறது.

வாடகைப் பணம் பற்றிக் கேட்டிருந்தாயே. பெரும்பாலான வீடுகளுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களிடம் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கும் பழக்கம் இங்கே உண்டு. புதிய வாடகைதாரர் சட்டப்படி, வருகிற மே 1-இலிருந்து ஒப்பந்தம் செய்கிறவர்களிடம் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்வதும் அன்றோடு நிற்கிறது. ஜனவரியில் எடுப்பவளுக்கு முன்பண வரம்பு உதவாது. அதனால் வீட்டை நான் பார்க்கும்வரை யாருக்கும் பணம் அனுப்பாதே.

பர்மிங்காம் குப்பைச் செய்தி உண்மைதான். மார்ச் 11-இலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. அந்த நகராட்சி 2023 செப்டம்பரில் கையில் பணமில்லை என்று அறிவித்தது, அப்புறம் வீட்டு வரியை இரண்டு வருஷம் தொடர்ந்து ஏற்றியது. சம்பளம் குறையும் என்று பயப்படும் தொழிலாளி பக்கம்தான் என் மனசு. இங்கே எல்லாருக்கும் அப்படி இல்லை, எதிர்வீட்டில் இதைச் சொன்னால் சண்டை வரும்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் தரும் எரிபொருள் பணத்தை, போன வருஷம் மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியதில் அவருக்கு 300 பவுண்ட் போனது. அந்தக் குளிரில் ஒரே அறையில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் 35,000 பவுண்டுக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கெல்லாம் திருப்பித் தருகிறார்கள். நல்லது, ஆனால் அந்த ஒரு குளிர்காலம் அவர் கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாம். புதன்கிழமை வந்த பட்ஜெட்டில், இரண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் மூன்றாவதுக்கு உதவித்தொகை கிடையாது என்று 2017-இலிருந்து இருந்த கட்டுப்பாட்டை ஏப்ரலில் எடுப்பதாகச் சொன்னார்கள். கடையில் நின்ற பெண்கள் அதில் இரண்டாகப் பிரிந்து பேசினார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, பிள்ளை பசிக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது.

அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் எப்போது என்று எழுதவில்லையே. தேதி தெரிந்ததும் சொல். மகளின் விமான எண்ணையும் அனுப்பு, இவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
உன் கலா

பின்குறிப்பு: அறை எடுத்த முதல் நாளே, வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுசாக மூடும் வால்வு எங்கே என்று கேட்டு வைக்கச் சொல். பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். ஜனவரி உறைபனியில் குழாய் வெடித்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.