அந்த உறையைக் கழற்று, கௌரி

திருப்பாதிரிப்புலியூர்,
ஏப்ரல் கடைசி.

அன்புள்ள கௌரி,

இங்கே எல்லோரும் நலம். பானு மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு நெய்வேலி. வேல்முருகன் சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த அன்றே எல்லோரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டாராம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வந்தது வேறு. போனில் ஆரம்பித்தால் "சரி சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் வந்தால் எடுத்து வைத்து இன்னொரு முறையும் படிப்பாய்.

பிரபு போன வாரம் உங்கள் வீட்டு ஏசியைச் சர்வீஸ் செய்துவிட்டு வந்தான் இல்லையா, ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்: "அம்மா, பெரியம்மா ஏசியோட அவுட்டோர் பெட்டிக்கும் சட்டை தைத்துப் போட்டிருக்காங்க." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கே.என்.சி. காலேஜில் டிபன் பாக்ஸுக்கே பூப்போட்ட உறை வைத்திருந்தவள் ஆயிற்றே நீ! மிக்சிக்கு, கிரைண்டருக்கு, ரிமோட்டுக்கு, கடைசியில் மொட்டைமாடி வரைக்கும் போய்விட்டாய். ஆனால் அவன் எடுத்து வந்த போட்டோவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

உறையைத் தூக்கிவிட்டு எடுத்த படம். பின்பக்கத்து அலுமினியத் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டாலே பொடியாக உதிர்கிறதாம். அடித்தட்டு மூலையில் துரு. வயர் உள்ளே போகும் மூடியைக் கழற்றப் போனால் ஸ்க்ரூவின் தலை அரித்துப்போய் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே இல்லை. மூடிக்குள் பல்லி முட்டை வேறு. பல்லி சர்க்யூட் போர்டில் ஏறி ஷார்ட் ஆனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான், அது எவ்வளவு செலவு என்று பிரபுவிடம் கேள்.

"உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றத்தானே போட்டேன்" என்பாய். தெரியும். தானே புயல் வந்துபோன அந்த 2011 டிசம்பரில் நாம் பட்டது இரண்டு பேருக்கும் மறக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் உங்கள் தலைக்கு மேலேயே கரையைக் கடந்தது. அதன் பிறகுதான் தையற்காரரைக் கூப்பிட்டு அளவெடுத்தாய். பயம் நியாயம்தான். ஆனால் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் கடலைப் பார்த்த மாடியில், ரெக்சின் உறை உப்பை எப்படித் தடுக்கும்? அடியிலும் ஓரத்திலும் காற்று போகத்தான் போகிறது. போகும் உப்பு தகட்டிலேயே தங்குகிறது, உள்ளே ஈரமும் காய்வதில்லை. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் முதலில் அரித்துப்போவது அலுமினியம்தான். வெளியே வெறுமனே நிற்கிற யூனிட்டில் மழை விழுந்தாவது கொஞ்சம் உப்பு கழுவிப் போகும். உன் உறை அந்த மழையையும் தடுத்துவிட்டது. மழையில் நனையும் என்று தெரிந்துதானே அதைச் செய்கிறார்கள்? மழைக்கு அது பயப்படாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஏசி ஓடும்போது முன் மடிப்பைச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன், அது போதும் என்று பிரபுவிடம் சொன்னாயாம். போதாது கௌரி. முன்பக்கம் காற்றை வெளியே தள்ளுகிற பக்கம். உள்ளே இழுப்பது பின்பக்கமும் ஒரு விலாப்பக்கமும். நீ திறந்தது வாசலை, அடைத்து வைத்திருப்பது மூக்கை. உன் ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுக்கிற சூடே 5 கிலோவாட்டுக்கு மேல். அதோடு அது இழுக்கிற கரண்டும் சூடாகி அந்த ஒரே பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஆறு இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்ட சூடு அது. இழுக்கக் காற்று இல்லாவிட்டால் கம்ப்ரசர் திணறும், கரண்ட் கூடும், கடைசியில் தானே நின்றுவிடும்.

போன கத்திரியில் ராத்திரி ராத்திரி ஏசி நின்றதே, நினைவிருக்கிறதா? யாரோ வந்து "கேஸ் குறைவு" என்று ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிப் போனாரே. மூச்சு முட்டித்தான் நின்றிருக்கும் என்கிறான் பிரபு. உன் மாமியாரை நினைத்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன். படுத்த படுக்கையாக இருக்கிறவர், முதுகுப் புண் இப்போதுதான் ஆறி வருகிறது. வியர்த்து நனைந்தால் மறுபடி வரும். மே மாதத்து ராத்திரியில் அந்த அறையில் ஏசி நிற்கவே கூடாது. நீ அவரை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் துணி விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

நியூஜெர்சியில் எல்லோரும் மூடுகிறார்கள் என்று சுதா சொன்னாளாம். அங்கே பெரும்பாலும் காற்றை மேலே பார்த்துத் தள்ளுகிற பெட்டி. இலையுதிர் காலத்தில் சருகு உள்ளே விழும், அப்புறம் பனி. குளிர் மாதங்களில் ஏசியே ஓடாது. அப்படியும் மேல்பக்கத்தை மட்டும் மூடினால் போதும் என்பார்கள். நம் பெட்டி பக்கவாட்டில் தள்ளுவது, நமக்குச் சருகும் இல்லை, பனியும் இல்லை.

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், மேலே ஓர் அடி இடைவெளி விட்டு ஒரு ஷீட் போடு, நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். உச்சி வெயில் நேராக விழாது, அவ்வளவுதான் அதில் லாபம். உண்மையான வைத்தியம் தண்ணீர். ஏசிக்குக் கரண்ட் போகிற எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, மெதுவாக ஹோஸ் பிடித்து நல்ல தண்ணீரால் தகடுகளை அடிக்கடி கழுவு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டவே வேண்டாம். வேகமாகவும் அடிக்காதே, தகடு மடங்கிவிடும். புயல் அறிவிப்பு வந்தால் உறையைத் தேடாதே, ஸ்டாண்ட் போல்ட்டைப் பார். உறை காற்றை வாங்கிப் பெட்டியையே இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரபு துருப்பிடிக்காத போல்ட்டும் புது ஸ்க்ரூவும் எடுத்துக்கொண்டு வருகிறான். அதற்குள் கழற்றிவிடு. ரெக்சின் நல்ல ரெக்சின், உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு ஆகும். காசு கொடுத்தால் வாங்க மாட்டான், வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு வை. மாமியாரிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா