பிராஷோவ் நகரமும் ஒரு பழைய கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான ருமேனியப் பயணக் கட்டுரையில் டிராகுலா கோட்டை எனப்படும் பிரான் கோட்டைக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதற்குச் செல்லும் வழியிலுள்ள பிராஷோவ் நகரத்துக்குக் கிடைத்தவை இரண்டே வரிகள். அதிலும் 'பேருந்து மாறும் ஊர்' என்று அது குறிப்பிடப்பட்டிருந்ததைப் படித்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கோட்டையைப் பற்றியே ஒரு திருத்தம். பிராஷோவ் நகரில் குடியேறி வாழ்ந்த ஜெர்மானியர்களான சாக்சன் மக்கள், தங்கள் சொந்தச் செலவிலேயே பிரான் என்ற இடத்தில் ஒரு கற்கோட்டை எழுப்பிக்கொள்ள ஹங்கேரி மன்னர் முதலாம் லாயோஷ் 1377இல் அனுமதி அளித்தார். மலைக் கணவாயைக் காப்பதும் அவ்வழியே போகும் சரக்குகளுக்குச் சுங்கம் வசூலிப்பதும்தான் பிரான் கோட்டையின் வேலையாக இருந்தன. கட்டுரையாளர் அங்கே குடிவைத்திருக்கும், டிராகுலா எனப்பட்ட வாலாக்கியா நாட்டு அரசர் மூன்றாம் விளாத் அதில் வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பிராஷோவ் வணிகர்களோடு அவருக்கு இருந்தது பெரும்பாலும் பகைதான். 1897இல் வெளிவந்த 'டிராகுலா' என்ற ஆங்கில நாவலின் புகழ் பின்னாளில் அந்தக் கட்டடத்தின் மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவே. ஆக, கோட்டைதான் பிராஷோவைச் சேர்ந்ததே தவிர, பிராஷோவ் கோட்டையின் வாசற்படி அன்று.

அந்நகரின் பெருமைக்கு என்னைக் கேட்டால், ஒரே ஒரு தாளைத்தான் காட்டுவேன். 1521ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், மலைக்குத் தெற்கேயுள்ள கம்புலுங் என்ற ஊரிலிருந்து நியாக்ஷு என்பவர், பிராஷோவ் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்க்னருக்கு அவசரக் கடிதம் ஒன்று அனுப்பினார். ஒட்டோமான் சுல்தான் சோபியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றும், டேன்யூப் ஆற்றில் படகுகள் மேல்நோக்கிப் போவதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக நிகோபோலிஸிலிருந்து வந்த ஒருவர் சொன்னார் என்றும் அதில் எழுதியிருக்கிறார். பலர் அறியாதபடி இதை மறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளும் உண்டு. அவர் அஞ்சியபடியே, அந்த ஆகஸ்டில் பெல்கிரேட் ஒட்டோமான் படையிடம் வீழ்ந்தது. மரியாதைக்குரிய தொடக்கச் சொற்களை அக்கால ஆவண மொழியான ஸ்லாவோனிக்கில் எழுதிவிட்டு, விஷயத்துக்கு வந்ததும் மனிதர் தம் பேச்சுமொழிக்கே, அதாவது ருமேனிய மொழிக்கே, மாறிவிடுகிறார். எழுத்து மட்டும் சிரில்லிக். காலம் உறுதியாகத் தெரிந்த ருமேனிய மொழி ஆவணங்களில் இன்று கிடைப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. ஒரு மொழியின் முதல் ஆவணம் அரசனின் புகழ்மாலையாகவோ வேதநூலாகவோ இல்லாமல், பதற்றத்தோடு எழுதப்பட்ட ஓர் உளவுச் செய்தியாக இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தத் தாள் பிழைத்ததற்குக் காரணம், வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்திய பிராஷோவ் நகர நிர்வாகம்தான். 1894இல் அந்நகரின் ஆவணக் காப்பகத்திலிருந்துதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. ருமேனிய மொழிக் கடிதத்தைப் பேணிக் காத்த அதே நகரம், ருமேனியர்களை மதிலுக்குள் குடியேற விடவில்லை. அவர்கள் தெற்கே ஷ்கேய் என்ற புறநகரில் வாழ்ந்தார்கள். நகருக்குள் வர அவர்களுக்கு விடப்பட்டிருந்தது கத்தரீன் வாசல். 1559இல் எழுந்த அந்த வாசலின் கோபுர உச்சியில் நான்கு மூலைகளிலும் நிற்கும் சிறு கோபுரங்கள், மரண தண்டனை விதிக்கும் உரிமை இந்நகருக்கு உண்டு என்பதன் அடையாளம். வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றை அண்ணாந்து பார்த்தே அம்மக்கள் உள்ளே வந்திருப்பார்கள். ஆயினும் கொரேசி என்ற அச்சகர் 1561இல் நான்கு நற்செய்திகளையும் ருமேனிய மொழியில் அச்சிட்டது இதே பிராஷோவில்தான். ஷ்கேயிலுள்ள புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் முதல் ருமேனியப் பள்ளி அருங்காட்சியகமாக இன்றும் நிற்கிறது.

1689ஆம் ஆண்டுப் பெருந்தீயோடு சேர்த்துப் பேசப்படும் கறுப்புத் தேவாலயத்தைக் கட்டுரை ஒரு சொல்லால் தொட்டுச் சென்றது. அதனுள்ளே தொங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட அனடோலியக் கம்பளங்களைப் பற்றியாவது எழுதியிருக்கலாம். கிழக்கு வணிகத்தில் வந்து சேர்ந்த, முஸ்லிம்களின் தொழுகை விரிப்பு வடிவிலான கம்பளங்கள் லூத்தரன் தேவாலயம் ஒன்றுக்குக் காணிக்கையாகி, அதன் மாடங்களை அலங்கரிக்கும் காட்சியை வேறெங்கே காண முடியும்?

இருபதாம் நூற்றாண்டும் விடுபட்டிருக்கிறது. 1950 முதல் பத்து ஆண்டுகள் இந்நகருக்கு ஸ்டாலின் நகரம் என்று பெயர். 1987 நவம்பர் 15 அன்று, ஊதிய வெட்டும் உணவுத் தட்டுப்பாடும் பொறுக்காமல் லாரித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நகர மையத்துக்கு ஊர்வலமாக வந்து, ருமேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌஷெஸ்குவுக்கு எதிராக முழக்கமிட்டார்கள். அவரது ஆட்சி கவிழ அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆயின.

இக்கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருக்குமானால், கோட்டையின் நான்காவது படத்துக்குப் பதிலாகக் கத்தரீன் வாசலின் படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்