நடுகல் முன்னால் நின்று பேசுங்கள், ஆனால் படித்துவிட்டுப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 16 உலக சகிப்புத்தன்மை நாள். 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். இரண்டையும் சேர்த்து, மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் நல்லிணக்கப் பிரசாரம் நடத்தலாம் என்ற யோசனை பள்ளிகளில் எழுவது நல்லதே. 2012 நவம்பர் 7இல் சாதி வன்முறையில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனி வீடுகள் எரிந்த தருமபுரி மாவட்டத்தில், உறுதிமொழி வாசித்துக் கைதட்டிக் கலைவது யாருக்கும் பயன்படாது. ஆனால் ஏற்பாடு சரியில்லை என்றால், நல்லிணக்கக் கூட்டம் அரைமணி நேரத்தில் சாதிப் பெருமைக் கூட்டமாகிவிடும்.

முதலில் பொருள் தேர்வு. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் (தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்) கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள நடுகற்களே, அதாவது சண்டையில் மாண்டவர் நினைவாக நட்ட கற்களே, போதும். ஒரு நாளைக்கு நான்கு கல்லுக்கு மேல் வேண்டாம். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய பல்லவர் காலக் கற்களில் வாசகம் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும்: அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், நடந்த சண்டை, மாண்டவன் பெயர். சண்டை அநேகமாகத் தொறுவுக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக. மந்தையை மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு, கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. மாணவர்களை அதிக நேரம் நிறுத்த வேண்டிய இடம் இதுதான். “அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டுக்காக வெட்டிக்கொண்டார்கள், இரண்டு பக்கத்துச் சாவையும் கல்லில் எழுதினார்கள். இன்று நம் ஊரில் யாருடைய சாவுக்குப் பேனர் வைக்கிறோம், யாருடையதற்கு வைப்பதில்லை?” இந்த ஒரு கேள்வி போதும்; மற்றதை அவர்களே பேசிவிடுவார்கள்.

அடுத்தது படிக்கும் முறை. ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு பேர், இருபது நிமிடம். அறுபது பேரை ஒன்றாக நிறுத்தினால் முன்வரிசைக்கு மட்டுமே எழுத்து தெரியும், பின்வரிசை செல்ஃபி எடுக்கும். முற்றத்துக் கற்களைக் காலை பத்து மணி வாக்கிலோ மாலை நான்குக்கு மேலோ பாருங்கள். உச்சி வெயிலில் வெட்டெழுத்து மறைந்துவிடும். உள்ளே இருக்கும் கல்லுக்குக் கைபேசி டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டினாற்போல் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். சுண்ணப்பொடி, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. பொடி பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கல்லைக் கறுப்பாக்கும். மையொற்றிப் படியெடுக்கத் துறையின் அனுமதி வேண்டும். பிரசாரத்துக்குப் புகைப்படமே தாராளம்.

குழு பிரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாணவர்களையே பிரிந்து நிற்கச் சொன்னால் ஊர்த் தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று நிற்கும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள்: ஒருவர் படிக்க, மற்றவர் எழுத, அடுத்த கல்லில் வேலையை மாற்றிக்கொள்ள. மதியச் சாப்பாட்டையும் அதே ஜோடி வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.

மாணவர்கள் படித்ததை விளக்கும்போது பார்வையாளரிடமிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “இந்த வீரன் எந்த ஆளுங்க?” சாதியைத்தான் கேட்கிறார்கள். அதியமானுக்கே உரிமை கொண்டாடுவோர் பலர் இருக்கும்போது, பெயர் தெரியாத வீரனைச் சும்மா விடுவார்களா? மாணவர்கள் வாதாட வேண்டாம். “கல்லில் இருப்பது இவ்வளவுதான்” என்று கல்லின் வாசகத்தை வாசித்துக் காட்டினால் போதும். பதாகையும் அதற்கேற்றபடி இருக்கட்டும்: ஏ3 தாளில் மேலே படம், நடுவே கல்லில் உள்ளபடியே வாசகம், கீழே இன்றைய தமிழில் பொருள், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. சற்றுத் தள்ளி நின்றும் படிக்கும்படி எழுத்து பெரிதாக வேண்டும். அதே வாசகத்தைப் படத்துக்குள்ளும் ஒருமுறை அச்சிடுங்கள். இல்லையென்றால் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் போய், மறுநாள் ஏதோ ஒரு சாதியின் மாவீரனாகத் திரும்பி வரும்.

ஊர்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக வழிபாட்டில் இருக்கின்றன. அங்கே போனால் ஊராரிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். “இது சாமி இல்லை, வெறும் நடுகல்” என்று பாடம் நடத்த வேண்டாம்.

சமயம் பற்றிப் பேசவும் சான்றுக்குப் பஞ்சமில்லை. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த சமணப் பள்ளியைச் சொல்கிறது. தகடூரில் (இன்றைய தருமபுரி) சமணக் கோயில் எழுந்ததை, இப்பகுதியை ஆண்ட நுளம்பர் காலத்து 893ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைச் சையத் பாஷா மலை என்றுதான் ஊரே அழைக்கிறது. இவற்றைப் படமாகக் காட்டலாம். அதற்காக “அந்தக் காலத்தில் சண்டையே இல்லை” என்று அளக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் நடுகல்லே அதை மறுத்துவிடும்.

அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, புகைப்படத்துக்கும் அதிலேயே அனுமதி கேளுங்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைப் பேருந்து பேசும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு நடுகல் அருகிலும் முழு வாசகமும் பொருளும் எழுதிய பலகை வையுங்கள். “நடுகல், பல்லவர் காலம்” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த மாணவரும் எதையும் பேச முடியாது.

இப்படிக்கு,
தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியர்கள் சிலர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி