அம்மா எந்தப் பழக்கத்தை விட்டிருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் "புற்றுநோய் பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது" என்றொரு வரி. அதற்குமேல் படிக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

என் அம்மா புகையிலையைத் தொட்டவர் இல்லை. அப்பா கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு செய்யும் ஆலையில் 22 வருடம் வேலை பார்த்தார். உடை மாற்ற அங்கே ஓர் அறை கிடையாது. தூசி படிந்த சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். அம்மா அதை உதறித் துவைப்பார். ஆலையை மூடிப் பல வருடம் கழித்து அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் உறையில் புற்று, மீசோதெலியோமா என்றார்கள். கல்நார்த் தூசி உள்ளே போய் முப்பது, நாற்பது வருடம் கழித்தும் தலைகாட்டும் நோய் அது. தொழிலாளியின் துணியைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் வருகிறது என்று 1965லேயே லண்டனில் ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யார் சிகரெட் பிடிப்பார்கள்?" துக்கம் விசாரிக்க வந்தவர்களும் சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு புற்றுநோயைத் தடுக்கும் பத்துப் பழக்கங்கள் என்று தொடர் வெளியிட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. சரி, போகட்டும். ஆனால் அந்தப் பத்தில் காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லையே! டீசல் புகையை 2012லும், வெளிக்காற்று மாசை 2013லும் புற்றுநோய்க் காரணிகள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் வளரும் குழந்தை எந்தப் பழக்கத்தை விட வேண்டும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குக் கவனம் போதவில்லையா, தடுப்பூசியும் பரிசோதனையும் போய்ச் சேரவில்லையா?

புகையிலையை விடச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்ல வேண்டியதுதான். அதோடு அடுத்த இதழில் இரண்டே வரி சேர்த்தால் போதும். தூசியில் வேலை செய்பவரின் உடை வீட்டுக்கு வரக்கூடாது. மருத்துவரிடம் போனால், தானும் வீட்டில் இருப்பவர்களும் என்ன வேலை பார்த்தோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். அம்மாவிடம் அதை யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
பல வருட வாசகி