லென்ஸுக்கு மட்டுமா காசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பழைய சிடி காலம் பற்றிய கட்டுரையில் ஒரு வரி. பாட்டு பிளேயரிலும் கம்ப்யூட்டர் சிடி டிரைவிலும் இருந்தது ஒரே லென்ஸ்தானாம், ஆனாலும் கம்ப்யூட்டர் என்று சொல்லியே டிரைவுக்குக் கூடுதல் விலை வைத்து, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம்ம ரிச்சி தெருவில் கறந்துவிட்டார்களாம். அந்தத் தெருவில் 22 வருடம் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவன் நான். கறந்தவர்களில் என்னையும் சேர்த்ததற்கு நன்றி.

லென்ஸ் ஒன்றுதான், யார் இல்லையென்றது? மொபெட்டுக்கும் லாரிக்கும்கூட டயர் ரப்பர்தான். பாட்டு சிடியில் கீறல் விழுந்தால் பிளேயர் முடிந்தவரை திருத்தும், முடியாவிட்டால் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் உத்தேசமாக ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிடும், காதுக்குத் தெரியாது. சம்பளக் கணக்கில் உத்தேசம் செல்லுமா? அதற்காகத்தான் டேட்டா சிடியில் ஒவ்வொரு 2,352 பைட்டிலும் நமக்கு 2,048 மட்டும், மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தவே போய்விடுகிறது. அந்த வேலையையும் டிரைவ்தான் பார்க்கவேண்டும். அப்புறம் பாட்டு என்பது உள்ளிருந்து வெளியே சமர்த்தாக ஓடும், நிமிடத்துக்கு 500 சுற்றில் ஆரம்பித்து 200க்கு இறங்கும். டிரைவிலோ இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று லென்ஸ் தாவிக்கொண்டே இருக்கவேண்டும், 52எக்ஸ், அதாவது பாட்டு பிளேயரைப்போல 52 மடங்கு வேகம் என்ற டிரைவ் வந்தபோது தட்டு 10,000 சுற்றைத் தொட்டது. பிளேயர் 1982லிருந்து வீடு வீடாக விற்ற சாமான், டிரைவ் ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கொஞ்சம் பேருக்கு மட்டும், விலை ஏறாமல் என்ன செய்யும்? உங்களுக்குத் தெரியாததா!

1996இல் ஒருவர் இதே கேள்வியைக் கடை வாசலில் நின்று கத்தினார். நான் பேசவில்லை. பழைய டிரைவ் ஒன்றை எடுத்து எஸ்எம்பிஎஸ் என்ற கரண்ட் கொடுக்கும் பெட்டியின் வயரைச் சொருகி, முன்பக்க ஓட்டையில் ஹெட்போனை மாட்டி அவர் காதில் வைத்து பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டரே இல்லாமல் பாட்டு வந்தது. “சார், உங்க பிளேயர்ல ஒரு ஃபைல் காப்பி பண்ணிக் காட்டுங்க” என்றேன். பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் டிரைவ் வாங்கினார்.

அதே டிரைவ் பிற்பாடு சல்லிசாகி நல்ல பிளேயரைவிடக் கீழே இறங்கியதே, அப்போது எங்களை வள்ளல் என்று யாராவது எழுதினீர்களா? மூன்று வருடம் முன்பு கரண்ட் பில் கட்டுரையில் வாட்டையும் யூனிட்டையும் ஒன்றாக்கியிருந்தீர்கள், பதிவுத் தபாலில் எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. “அட்டைப்படம் பிரமாதம்” என்று எழுதுகிறவர் கடிதம் மட்டும் அடுத்த இதழிலேயே வந்துவிடுகிறது. நீங்களும்தான் பக்கத்தைக் குறைத்து விலையை ஏற்றினீர்கள். கறக்கிறீர்கள் என்று நான் எழுதினேனா? பேப்பர் விலை, அச்சுக்கூலி ஏறியிருக்கும் என்று புரிந்துகொண்டேன். எங்களுக்கு அந்த மரியாதை கிடையாது, சரி.

எங்காவது ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். அப்புறம் போன இதழில் எனக்கு வந்த பிரதியில் குறுக்கெழுத்துப் பக்கம் இரண்டு தடவை இருக்கிறது, விடைப் பக்கத்தைக் காணோம். மேலிருந்து கீழ் 7க்கு விடை என்ன என்றாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மெக்கானிக் ஒருவர்,
சென்னை